கடதாசியை நம்பிச் சாமான் வாங்கலாமா?

கொள்வனவில் மிகக் கடுமையான ஒழுங்கு உள்ள துறை எது என்று கேட்டால், விமானத்துறை என்றுதான் சொல்வேன். அங்கே சான்றிதழ் இல்லாத உதிரிப்பாகம் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பொருத்தத் தகுதியற்றது.

இதற்குக் காரணம் உண்டு. 1989 செப்டம்பரில் நோர்வேயிலிருந்து ஜேர்மனிக்குப் பறந்த பார்ட்னேர் கம்பனியின் விமானமொன்று டென்மார்க் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வால் செட்டையைப் பிடித்திருந்த ஊசிகளில் தரமற்ற போலிச் சாமான்கள் இருந்தது விசாரணையில் தெரிய வந்தது.

விமான உதிரிப்பாகத்தோடு வரும் சான்றிதழில் பாக இலக்கம், தொடரிலக்கம் அல்லது தொகுதி இலக்கம், பொறுப்பானவரின் கையொப்பம், திகதி ஆகியவை இருக்கும். சாமான் எங்கே தயாராகி, யார் யார் கை மாறி வந்தது என்பதைப் பின்னோக்கித் தேட இவை உதவும். ஒரு தொகுதியில் பழுது கண்டால், அதே தொகுதிச் சாமான் எந்த எஞ்சினில் இருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் கடதாசியே பொய்யானால்? 2023இல் அப்படியொரு மோசடிதான் வெளிச்சத்துக்கு வந்தது. இலண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற கம்பனி, உலகில் அதிகம் பாவனையிலுள்ள சீஎப்எம் 56 ரக எஞ்சின்களுக்கு உதிரிப்பாகங்கள் விற்றது. அதில் ஒரு சிறு பாகம், கடதாசியில் சொன்னதைவிடப் பழையதாக இருப்பதைப் போர்த்துக்கல் விமானக் கம்பனியின் பொறியியலாளர்கள் கவனித்தார்கள். உடனே, சான்றிதழை வழங்கியதாகப் பெயர் போட்டிருந்த பிரான்ஸின் சப்ரான் கம்பனியிடமே விசாரித்தார்கள். அந்தக் கையொப்பம் எங்களுடையதல்ல என்று பதில் வந்தது.

பிறகு உலகெங்கும் தேடுதல் தொடங்கியது. டெல்டா, யுனைட்டட், சவுத்வெஸ்ட் போன்ற பெரிய கம்பனிகளின் எஞ்சின்களிலும் அந்த வியாபாரியின் சாமான்கள் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் சம்பந்தப்பட்டன. 2025 டிசம்பரில் அக்கம்பனியின் பணிப்பாளர் மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இதைச் சிறு வியாபாரிகளான நாம் எப்படிப் பயன்படுத்துவது?

1. சான்றிதழ் உண்மையா என்று விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை. அதை வழங்கிய கம்பனியிடம் கேளுங்கள். விற்பவர் தரும் தொலைபேசி இலக்கத்தை விட்டு, அந்தக் கம்பனியின் இலக்கத்தை நீங்களே தேடி எடுங்கள்.

2. சாமானையும் கடதாசியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இலக்கமும் திகதியும் பொருந்த வேண்டும். போர்த்துக்கல்லில் மோசடியைப் பிடித்தது கண்தான்.

3. புதிய விநியோகஸ்தரிடம் முதலில் சிறு தொகைக்கு வாங்குங்கள். முடிந்தால் அவரது களஞ்சியத்தை நேரில் பாருங்கள்.

4. எந்தத் தொகுதி, யாரிடம், எப்போது வாங்கியது, யாருக்கு விற்றது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரேக் பாகமோ மின் உபகரணமோ பழுது என்று தெரிய வந்தால், வாங்கியவரைத் தேடிப்போய்த் திருப்பி எடுக்க அதுதான் வழி.

இதெல்லாம் வீண் வேலை, ஆளைத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆளும் இன்னொருவரிடம் வாங்கித்தானே நமக்கு விற்கிறார்? அவரை யார் ஏமாற்றினாலும், வாடிக்கையாளர் வந்து நிற்பது நமது கடை வாசலில்தான்.