விருப்பம் வேறு, சங்கல்பம் வேறு

ஆலயத்தில் அபிஷேகத்திற்கோ ஹோமத்திற்கோ நாம் அமரும்போது, குருக்கள் முதலில் சங்கல்பம் செய்து வைக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நாமும் திரும்பச் சொல்கிறோம். பொருளை மட்டும் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறோம், எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் திதி, எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம் என்பன யாவும் அதில் வருகின்றன. பின்னர், இன்ன கோத்திரத்தில் இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார், இன்ன பயனைக் கருதி இந்தப் பூசையைச் செய்கிறேன் என்று அது நிறைவு பெறுகிறது. அதன் பிறகே பூசை தொடங்குகிறது.

யார், எங்கே, எப்போது, எதற்காக, என்ன செய்யப்போகிறோம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் ஒரு செயலில் இறங்க வேண்டும் என்பதை நம் முன்னோர் வழிபாட்டின் வாயிலிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் நாம் இதை மறந்துவிடுகிறோம். "உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்", "கடனை அடைக்க வேண்டும்", "பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறோம். இவற்றில் நாளும் இல்லை, அளவும் இல்லை. இவை விருப்பங்கள், சங்கல்பங்கள் அல்ல.

நேர்த்திக்கடன் கற்பிக்கும் ஒழுங்கு

நமக்குத் திட்டமிடத் தெரியாது என்று சொல்ல முடியாது. தைப்பூசத்திற்குப் பால்குடமோ காவடியோ எடுப்பதாக வேண்டிக்கொண்ட ஒருவரைப் பாருங்கள். தை மாதத்துப் பூச நட்சத்திரம் எந்த நாளில் வருகிறது என்று முதலில் பார்க்கிறார். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, விரதம் தொடங்கும் நாளைக் குறிக்கிறார். வேலையிடத்தில் விடுப்புச் சொல்கிறார், முன்பதிவு செய்கிறார், வீட்டாரிடம் தெரிவிக்கிறார். முதல்நாள் இரவு உட்கார்ந்து காவடிக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பவர் எவரும் இல்லை. திருப்பணிக்கு நன்கொடை வழங்கும் அன்பர்களும் அப்படித்தான். வரைபடம் உண்டா, மதிப்பீடு எவ்வளவு, குடமுழுக்கு எப்போது என்று கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். இந்தக் கேள்விகளை நம் சொந்த வாழ்க்கையிடம் மட்டும் நாம் கேட்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 14 ஆண்டுகள் தவறாமல், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் சுமந்து சென்றவன் நான். அதே 14 ஆண்டுகளும் நீரிழிவைக் கட்டுப்படுத்தப் போவதாகவும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசத்தன்று வெயிலில் நடந்து வீடு திரும்பியபோது, பாதத்தில் கொப்புளம் கண்டிருந்ததை என் மனைவிதான் பார்த்தார். எனக்கு அது வலிக்கவே இல்லை. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் சூட்டையும் வலியையும் உணராமற் போகலாம் என்று பலதுறை மருந்தகத்தில் விளக்கினார்கள். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. "கவனிக்காமல் விட்டால் காலை இழக்க நேரலாம். இனி வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்காதீர்கள்" என்றார் மருத்துவர்.

இறைவனுக்குச் சொன்ன சொல்லைக் காத்தேன். எனக்கு நானே சொன்ன சொல்லைக் காக்கவில்லை. அதனால் இறைவனுக்குச் சொன்ன சொல்லையும் காக்க முடியாதவனானேன்.

பூசலார் கட்டிய கோயில்

"எல்லாம் அவன் செயல், நாம் திட்டமிட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பூசலார் நாயனாரின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குச் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க ஆசை. பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டுவதென்று துணிந்தார். அத்துடன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நொடியில் கோபுரத்தைக் கண்டுவிட்டாரா? இல்லை. மனத்தால் பொருள் சேர்த்தார், தச்சர்களை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் இட்டார், படிப்படியாகக் கட்டி, மதிலும் கிணறும் குளமும் அமைத்து, குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, வேறு நாள் பார்க்கச் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது.

கையில் காசில்லாதவரும் கடைக்கால் நாளைக் குறித்தார். குடமுழுக்கு நாளையும் குறித்தார். திட்டமிடுவது இறைநம்பிக்கைக்குக் குறைவன்று. அதுவும் பக்தியின் ஓர் உறுப்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சங்கல்பத்தைச் செயலாக்கும் படிகள்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை வீட்டிற்கும் பொருந்தும். நான் கைக்கொண்டதைக் கூறுகிறேன். நீரிழிவு உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்; கடனோ, படிப்போ, குடும்பமோ எதுவாயினும் படிகள் இவையே.

1. குறியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எச்.பி.ஏ.1.சி என்னும் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டுவது. ஏப்ரலில் எனக்கு அது 9.4 விழுக்காடு. பலருக்கு 7 விழுக்காட்டை ஒட்டியே குறி வைக்கப்படுகிறது என்றாலும், அவரவருக்கு உரிய அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். அவரைக் கலந்துகொண்டு, "அக்டோபர்ப் பரிசோதனையில் 8 விழுக்காட்டிற்குக் கீழே வருவேன்" என்று எழுதிப் பூசையறையில் வைத்தேன்.

2. குறியையும் செயலையும் பிரித்தறியுங்கள். 8 என்ற எண் என் கையில் இல்லை, அது விளைவு. என் கையில் இருப்பவை மூன்று: மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வது, கெட்டிப்பால் ஊற்றிய தேநீருக்குப் பதில் உணவங்காடி நிலையத்தில் தே-ஓ கோசோங் கேட்பது, இரவு உணவுக்குப் பின் நடப்பது. நாள்தோறும் "எண் குறைந்ததா?" என்று கவலைப்படுவதை விட்டு, "மூன்றையும் செய்தேனா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

3. வலியறிந்து தொடங்குங்கள். புண் ஆறியதும், மருத்துவர் சொன்ன காலணியோடு நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பதென்று கிளம்பினேன். நான்காம் நாளே நின்றுபோயிற்று. பிறகு பத்து நிமிடத்தில் தொடங்கினேன். வாரந்தோறும் சிறிது கூட்டி அரை மணிக்கு வந்தேன். சிறிதாகத் தொடங்குவது கோழைத்தனம் அன்று, அதுதான் கடைக்கால்.

4. காலத்தையும் இடத்தையும் கட்டிவையுங்கள். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்றால் நேரம் கிடைக்காது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் நடை என்று வைத்துக்கொண்டேன். மழை பெய்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடப்பதென்றும் முன்பே முடிவு செய்தேன். தடை வரும் என்று தெரிந்தால், அதற்கான விடையையும் முன்பே எழுதிவிடுவது நன்று.

5. சாட்சி வையுங்கள். நேர்த்திக்கடன் வீடறியச் செய்வது. நடந்த நாள்களை மனைவி நாட்காட்டியில் புள்ளியிட்டு வந்தார். புள்ளியில்லாத கட்டம் ஒன்றைக் கண்டால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கே வெட்கமாக இருக்கும்.

தவறும் நாள் வரும்

ஜூலையில் 8.3, அக்டோபரில் 7.6. சொன்னது நிறைவேறிற்று என்று மகிழ்ந்தேன். அதையடுத்துத் தீபாவளி வந்தது. முறுக்கும் அதிரசமும் விருந்தினர் வருகையுமாக இரண்டு வாரம் எல்லாம் குலைந்தது. ஜனவரியில் 7.9 என்று ஏறி நின்றது. முன்பு இருந்தவனாக இருந்தால், "நமக்கு இது சரிப்படாது" என்று கைவிட்டிருப்பேன். விரத காலத்தில் ஒருநாள் தவறிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் தொடர்கிறோமே தவிர, வேண்டுதலையே விட்டுவிடுவதில்லை. ஆகவே ஒருநாள் தவறினால் மறுநாள் தவறலாகாது என்ற ஒரே விதியோடு மீண்டும் தொடங்கினேன். அந்த ஏப்ரலில் 7.2.

இடையில் அந்த ஆண்டுத் தைப்பூசமும் வந்தது. மருத்துவர் சொன்னபடி வெறுங்காலோடு நான் நடக்கவில்லை. என் மகள் பால்குடம் சுமந்தாள். காலணி அணிந்து அவள் பக்கத்தில் நடந்து சென்றேன். முதலில் மனம் கூசியது. பாதி வழியில் அவள் திரும்பி, "அப்பா, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என் கால் எனக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது விளங்கிற்று. நம்முடைய நலம் நம்மை நம்பி இருப்பவர்களுக்கும் உரியது; அதைத் திட்டமிட்டுக் காப்பதும் ஓர் அறமே.

அன்பர்களே, அடுத்த முறை ஆலயத்தில் சங்கல்பத்திற்கு அமரும்போது, குருக்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேளுங்கள். வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, நீங்கள் நெடுநாளாகச் சொல்லி வரும் விருப்பங்களில் ஒன்றே ஒன்றை, நாளும் அளவும் குறித்து எழுதுங்கள். இன்றே செய்யக்கூடிய முதற்செயலை அதன் கீழே எழுதுங்கள். எழுதியதைச் சுவாமி படத்தின் அருகில் வைத்து, விளக்கேற்றி வணங்கிவிட்டு, அந்த முதற்செயலை அன்றே செய்து முடியுங்கள். எடுத்த நற்செயல் இனிதே நிறைவேற எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.