கேபிளிலிருந்து தொடங்குங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அதன் பிறகு ஊவா மலைகளில் மழைக்கணக்கு வெறும் எண்ணாக இருப்பதில்லை. சிறிய செலவில் தானியங்கி மழைமானி செய்து பார்க்க நினைக்கும் பதுளை மாணவருக்கு ரெஸ்பரி பை சீரோ என்ற சிறு கணினி கைக்கு எட்டும் பொருள். அதை மலையில் பொருத்திய பிறகு பதிவுகளை எடுப்பதுதான் சிக்கல். அங்கே ரூட்டர் இல்லை, சிக்னலும் வந்து போகும். லெப்டொப்பையும் பையையும் ஒரே யுஎஸ்பி கேபிளால் இணைத்தால் மின்சாரமும் நெட்வேர்க்கும் சேர்ந்தே கிடைக்கும்.

நெட்வேர்க் கிடைக்காதபோது பெரும்பாலோர் முதலில் ஐபி முகவரியைத் தோண்டுகிறார்கள். கோளாறோ பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும்.

போன் சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே உண்டு; தரவுக்கான கம்பிகள் கிடையாது. அப்படிப்பட்ட கேபிளிலும் பையின் பச்சை விளக்கு மினுங்கும், ஆள் ஏமாந்துபோவார். அந்தக் கேபிளில் ஒரு போனை இணைத்துப் படங்களை லெப்டொப்புக்கு மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்தது யுஎஸ்பி வாய். பை சீரோவின் ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு, உள்ளே தள்ளி இருப்பதே தரவுக்கு. தேயிலை பெக்டரியில் வைத்த கருவி என்றால் வாய்க்குள் தேயிலைத் தூசு அடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

கேபிள் சரி என்றால் எஸ்டி கார்டைக் கழற்றி பூட் பகுதியைத் திறக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லே இருக்க வேண்டும். சிஎம்டிலைன் கோப்பில் ரூட்வெய்ட் என்ற சொல்லுக்குப் பின் டிடபிள்யூசி2, ஜி ஈதர் ஆகிய இரு மொடியூல்களின் பெயர்களும் வர வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரி. இடையில் என்டர் தட்டினால் பை எழும்பாமலே போகலாம்.

இனி லெப்டொப்பின் முறை. விண்டோஸ் சில வேளை இந்தக் கருவியை சீரியல் போர்ட் என்று எடுத்துக்கொள்ளும். டிவைஸ் மனேஜரில் அதைத் தேடி, ஆர்என்டிஐஎஸ் டிரைவரைக் கையால் தெரிவு செய்ய வேண்டும். லினக்ஸ் பெரும்பாலும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

முகவரிக்கு இப்போதுதான் வர வேண்டும். பையின் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் 169.254 என்று தொடங்கும் முகவரி தானாகவே அமைந்துவிடும். 2023 ஒக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் பை பக்கத்து யுஎஸ்பி0 இணைப்பை நாமே அமைக்க வேண்டும். வீட்டிலேயே திரையைப் பொருத்தி, நெட்வேர்க் மனேஜர் வழியாகப் பைக்கு 192.168.7.2 என்றும், லெப்டொப்பில் 192.168.7.1 என்றும் நிலையான முகவரி கொடுத்துவிடுவது நல்லது. பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகைகள் காலங்காலமாகப் பாவிக்கும் எண்களும் இவைதான்.

பிங் பதில் சொல்கிறது, எஸ்எஸ்எச் மட்டும் மறுக்கிறது என்றால் கேபிளில் குற்றமில்லை. பையில் எஸ்எஸ்எச் இயங்கவில்லை என்று அர்த்தம். கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், 2022 ஏப்ரலோடு பழைய பொதுப் பயனர் கணக்கு நீக்கப்பட்டதை நினைவில் வைக்க வேண்டும்.

மலைக்கு ஏறுமுன் இத்தனையையும் வீட்டு மேசையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியாக வேலை செய்த கேபிளில் சிவப்பு டேப் சுற்றி, அதையே கொண்டு போங்கள்.