காரைக்கால்ல ஏது குளிர்? காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்

எங்க சித்தப்பா ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். சனிக்கிழமை விடியற்காலையில் காரைக்கால் ஸ்டேஷனில் இறங்குபவர்களைத் திருநள்ளாறுக்குக் கூட்டிப் போவதுதான் அவருக்கு வாரத்தின் பெரிய சவாரி. போன மார்கழியில் தொடர்ந்து மூணு சனிக்கிழமை வண்டி கிளம்பல. பகலில் மட்டும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். "குளிருண்ணே, க்ளோ பிளக் போயிடுச்சு" என்று ஒர்க்‌ஷாப்பில் நாலையும் மாற்றினார்கள். நாலாவது சனிக்கிழமையும் அதே கதை. "மெக்கானிக்கல்தானே படிக்கிற, என்னன்னு பாரேன்ப்பா" என்றார் சித்தப்பா.

முதலில் குளிரைப் பார்ப்போம். நம்ம ஊரில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டீசல் உறைவதெல்லாம் லடாக் கதை. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் அங்கேதான் கொண்டு வந்தது.

இப்போ தெர்மோவில் படித்த கணக்கு. டீசல் எஞ்சினில் பற்றவைப்பது ஸ்பார்க் இல்லை, அமுக்கப்பட்ட காற்றின் சூடு. அமுக்க விகிதம் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றி, கம்ப்ரஷன் ஒழுகாமல் இருந்தால், 17ஐ 0.35 அடுக்குக்கு உயர்த்தினால் 2.7. நம்ம 22 டிகிரி, அதாவது 295 கெல்வின், கிட்டத்தட்ட 520 டிகிரி செல்சியஸ் ஆகிறது. செல்ஃப் மெதுவாக முனகினால் சூடு சிலிண்டர் சுவருக்கும் காற்று ரிங் வழியாகவும் போய்விடும். அடுக்கு 0.25 ஆனால் 325 டிகிரிதான் வரும். மைனஸ் 20இல் நிற்கும் வண்டி நன்றாகச் சுற்றினால்கூட 400ஐத் தாண்டும்! தோராயக் கணக்குதான், ஆனால் காரைக்காலில் சந்தேகப்பட வேண்டியது வானிலையை இல்லை, வண்டி ராத்திரி முழுக்க நின்றதை.

அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் காதும் கண்ணும் போதும். செல்ஃப் மந்தமாகச் சுற்றுதா? மல்டிமீட்டர் எடுங்க. சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி நல்லா இருந்தும் மந்தம் என்றால், செல்ஃப் அடிக்கும்போதே எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்க. அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் குறை. உப்புக்காற்று ஊரில் அந்த ஒயர் நுனி பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம்.

நல்லா சுற்றுது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருது, ஆனா பிடிக்கல என்றால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. அப்போதான் க்ளோ பிளக், கம்ப்ரஷன் பக்கம் போகணும். பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் அளங்க. பெரும்பாலும் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும், எரிந்துபோனது சர்க்யூட்டே காட்டாது. 1998இல் வந்த இண்டிகா மாதிரி முன்-அறை வைத்த பழைய எஞ்சினுக்கு நம்ம ஊர் வெயிலிலும் க்ளோ பிளக் தேவைதான். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீங்க. சூடான க்ளோ பிளக்கில் பட்டால் வெடிக்கும்.

மூணாவது வகைதான் சித்தப்பா வண்டி. வேகமாகச் சுற்றியது, துளிப் புகை இல்லை. டீசலே போய்ச் சேரல. இந்த வண்டியில் பம்புதான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்தக் குழாயில் நுண்ணிய விரிசல் இருந்தால் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். பகலில் அரை மணி நேரம் நின்றால் அவ்வளவு இறங்காது.

மறுநாள் விடியலில் செல்ஃபைத் தொடாமல், ஃபில்டர் மேல் இருந்த ஹேண்ட் பிரைமரை இறுகும் வரை அமுக்கினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்பரன்ட் ட்யூபைப் போட்டுப் பார்த்தால் வரிசையாகக் குமிழி. (புது காமன் ரெயில் வண்டியில் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்திப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.) ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. ஒரு சாண் ஹோஸும் ரெண்டு கிளிப்பும் மாற்றினோம்.

அதற்குப் பிறகு எந்த சனிக்கிழமையும் சவாரி தவறல. கழற்றிப் போட்ட பழைய க்ளோ பிளக் நாலையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாலுமே நல்லாத்தான் இருந்தது.