சுமைக்கேற்ற பை: கித்தான் பையா, சட்டப் பையா?

முன்னுரை

முதலாமாண்டு விடுமுறையில் வகுப்பு நண்பர்கள் எழுவருடன் கோல குபு பாரு அருகிலுள்ள புக்கிட் கூத்து மலைக்குச் சென்றேன். ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும் மலை அது. மேலே ஓரிரவு தங்குவதாகத் திட்டம். புதுப் பை வாங்கக் கையில் பணமில்லை. புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுப் பரணில் மாமாவின் பழைய கித்தான் பை கிடந்தது. அரிசி, சட்டி, கூடாரம் எல்லாவற்றையும் அதில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் தோள் எரிந்தது. வலியைக் குறைக்க இரு கைகளாலும் வார்களைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாசிக்கல் வழுக்கியது. எதையும் பற்றிக்கொள்ளக் கை இல்லை. முழங்கால் பாறையில் மோதி விழுந்தவனை நண்பன்தான் இழுத்தெடுத்தான். நீர் குடித்த கித்தான் அதன்பின் இன்னும் கனத்தது.

வீடு திரும்பியதும் தோளில் எண்ணெய் தடவிய பாட்டி, சிவந்த தழும்பைப் பார்த்துச் சொன்னார்: "நானும் இதே எடத்துலதான் காண்டா தூக்குனேன் ஐயா. ஆனா வலிச்சா தோளு மாத்திக்குவோம். உன் பையில மாத்துறதுக்கு எடம் எங்க இருக்கு?"

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

படகுக்குப் பிறந்த பை

சட்டமில்லாத கித்தான் பைகளில் புகழ்பெற்றது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் தோன்றிய பையாகும். காமில் புவாரியே என்பவர் 1882இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏரிகள் நிறைந்த அப்பகுதியில் கேனோ படகில் துடுப்பு வலிப்பார்கள்; ஏரி முடிந்ததும் படகையும் பையையும் சுமந்து அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். ஆகவே, அந்தப் பை அதிக நேரம் இருப்பது படகில். முதுகில் இருப்பது சிறிது நேரமே.

அதன் அமைப்பும் அதற்கேற்றதுதான். அகலமாகவும் மென்மையாகவும் இருப்பதால் படகின் அடித்தளத்தில் படிந்து அமரும். எடை தாழ்ந்திருப்பதால் படகு எளிதில் சாயாது. குறுக்குக் கட்டைகளில் மாட்டிக்கொள்ளும் சட்டமும் இல்லை. தோள்வார்களுடன் நெற்றிவாரும் அதில் உண்டு. இவ்வாரை அமெரிக்கப் பழங்குடியினர் நெடுங்காலம் முன்பே பயன்படுத்தி வந்தனர்.

மலைக்குப் பிறந்த பை

நாள் முழுதும் நடப்பவனுக்குத் தேவை வேறு. 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி, அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளை விற்கத் தொடங்கினார். 1967இல் கிரெக் லோவ் சட்டத்தைப் பைக்குள்ளேயே அமைத்தார்.

சட்டத்தின் வேலை எளியது. பையின் எடையைத் தோளிலிருந்து இறக்கி, இடுப்புப் பட்டை வழியாக இடுப்பெலும்பில் ஏற்றுகிறது. அங்கிருந்து எடை கால்களுக்குச் செல்கிறது. தோள்வார்கள் பையைப் பின்னால் சாயவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும். அப்போது கைகள் இரண்டும் நமக்கே சொந்தம்.

ஆனால், இதுவே எங்கும் சிறந்தது என்று எண்ண வேண்டா. தலைக்கு மேல் உயரும் வெளிச்சட்டம் நம் காட்டின் பிரம்பு முள்ளிலும் விழுந்துகிடக்கும் மரங்களிலும் சிக்கும். படகிலோ சட்டப் பை விறைப்பாக நின்று இடத்தை அடைக்கும்.

நம்மவர் சுமந்த வகை

சுமை தூக்கும் அறிவு நமக்குப் புதிதன்று. தலைச்சுமைக்குச் சும்மாடு வைத்தோம். இலங்கை மலையகத்தில் நம் பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டினர். டுலூத் பையின் நெற்றிவாரும் இதே முறைதான். கூத்தர் தம் இசைக்கருவிப் பைகளைக் காவுத்தடியில் தொங்கவிட்டுச் சென்றதை மலைபடுகடாம் காட்டுகிறது. வழுக்குமிடத்தில் கோல்களைப் பற்றிக் கடக்குமாறும் அந்நூல் அறிவுறுத்துகிறது. இதை நான் படித்தது ஆற்றில் விழுந்த பிறகுதான்!

காவுத்தடியைப் போன்றதே தோட்டத்துக் காண்டா. மலாய்ச் சொல்லான கண்டாரிலிருந்து வந்த பெயர். பினாங்கின் நாசி கண்டாருக்கும் அதே சொல்தான். கம்பின் இருமுனையிலும் பால் வாளிகள். தோளில் மடித்த துணி. இரண்டு வாளியும் சமமாக இல்லாவிட்டால் நடக்க முடியாது என்பார் பாட்டி.

எப்படித் தேர்வது?

1. பை பெரும்பாலும் எங்கே இருக்கும் என்று முதலில் கேளுங்கள். படகில் என்றால் கித்தான் பை. முதுகில் என்றால் சட்டப் பை.

2. சட்டப் பையை ஆளின் உயரம் பார்த்து வாங்கக்கூடாது. பின்கழுத்தின் அடியில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அந்த அளவுக்கு வாங்க வேண்டும்.

3. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் சுமை அளவு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்குப் பத்துக் கிலோ.

4. சட்டப் பையில் கனமான பொருள்களை முதுகை ஒட்டி வையுங்கள். படகில் ஏற்றும் பையில் அவை அடியில் இருக்கட்டும்.

5. எந்தப் பையானாலும் உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை போடுங்கள். கித்தான் பையை நன்கு காயவைத்தே எடுத்துவையுங்கள். நம் நாட்டு ஈரத்தில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும்.

6. ஆற்றைக் கடக்கும்முன் இடுப்புப் பட்டையையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். விழ நேர்ந்தால் பையை உதறிவிட்டு உயிரைக் காக்கலாம்.

7. இளைப்பாறும்போது இடுப்புயர மரத்திலோ மேட்டிலோ பையைச் சாய்த்து வையுங்கள். நம் முன்னோர் வழியோரங்களில் நட்ட சுமைதாங்கிக் கல்லின் பாடம் இது.

முடிவுரை

சென்ற ஆண்டு பகாங்கின் தாசேக் பெராவுக்குப் படகுப் பயணம் சென்றபோது அதே கித்தான் பையைத்தான் கொண்டுபோனேன். படகின் அடியில் சாதுவாகப் படுத்துக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. மலைக்கு மட்டும் இப்போது நண்பனின் சட்டப் பையை இரவல் வாங்குகிறேன். பிழை பையில் இல்லை. பொருத்தம் பாராத என்னிடமே இருந்தது.

எதில் சுமப்பது, எவ்வளவு சுமப்பது என்று பாட்டியை எவரும் கேட்டதில்லை. நமக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு அவர்களின் தோளில் ஏறி வந்தது. அதை அறிவோடு பயன்படுத்துவோம், நண்பர்களே!