எரிபொருட் கணக்கும் சராசரிக் கதியும்: சிறு விமானம் ஒன்றை வைத்துக் கற்போம்

மாணவர்களே, தூரம், நேரம், கதி பற்றிய வினாக்களில் பஸ்ஸும் புகைவண்டியும் மாறி மாறி வந்து உங்களுக்குச் சலித்திருக்கும். இப்பாடத்தில் அதே கணக்கை ஒரு சிறு விமானத்தை வைத்துச் செய்வோம். பஸ்ஸில் டீசல் தீர்ந்தால் சாரதி ஓரமாக நிறுத்திவிட்டுக் கானை எடுத்துக்கொண்டு போவார். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. இயந்திரம் நின்ற விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது சறுக்கியபடி இறங்கும். செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானம், காற்று இல்லாதபோது 1 கி.மீ. உயரத்திலிருந்து ஏறக்குறைய 9 கி.மீ. தூரம் சறுக்கும். அந்த 9 கிலோமீற்றருக்குள் இறங்கத்தக்க நிலம் கிடைக்க வேண்டும். காடும் கடலுமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே விமானி எரிபொருளை லீற்றரில் மட்டும் நினைப்பதில்லை, நேரத்தில் நினைக்கிறார். “120 லீற்றர் இருக்கிறது” என்பது அவருக்கு அரைத் தகவல். “3 மணித்தியாலம் இருக்கிறது” என்பதே முழுத் தகவல். லீற்றரை நேரமாக மாற்றுவது வீதம்:

பறக்கக்கூடிய நேரம் = எரிபொருளின் கனவளவு ÷ ஒரு மணித்தியாலத்தில் எரியும் கனவளவு

செஸ்னா 172 போன்ற விமானம் மணித்தியாலத்துக்கு 35 முதல் 40 லீற்றர் வரை எரிக்கும். கணக்கு இலகுவாக இருக்க 40 லீற்றர் என்றும், காற்றில் அதன் கதி மணிக்கு 200 கி.மீ. என்றும் எடுப்போம். (மேலெழும்போது இதைவிடக் கூட எரியும். அதை இங்கே விட்டுவிடுகிறோம், விமானி விடமாட்டார்.)

உதாரணம்: தாங்கிகளில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 120 லீற்றர். போகவேண்டிய தூரம் 400 கி.மீ.

காற்று வீசாவிட்டால், நேரம் = 400 ÷ 200 = 2 மணித்தியாலம். எரிவது 2 × 40 = 80 லீற்றர். மீதி 40 லீற்றர், அதாவது இன்னும் 1 மணித்தியாலம். நல்ல நிலைமை.

இப்போது மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று வீசுகிறது என்று கொள்வோம். ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராகப் போகும் படகின் கணக்கும் இதுவும் ஒன்றே. நிலத்தைப் பொறுத்த கதி 200 − 50 = மணிக்கு 150 கி.மீ. நேரம் = 400 ÷ 150 = 2 மணித்தியாலம் 40 நிமிடம். எரிவது ஏறக்குறைய 106.7 லீற்றர். மீதி 13.3 லீற்றர், அதாவது 20 நிமிடம். தூரம் மாறவில்லை, விமானம் மாறவில்லை, ஊற்றிய எரிபொருளும் மாறவில்லை. 1 மணித்தியால மீதி 20 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. சிறு விமானங்கள் இடைவழியில் எரிபொருள் தீர்ந்து இறங்க நேர்வது பலவேளை இப்படித்தான்.

அமெரிக்காவில், கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானம் போகுமிடத்தை அடைந்த பின் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்க எரிபொருள் மீதி இருக்குமாறு திட்டமிட்டே புறப்பட வேண்டும் என்பது சட்டம். மேலே உள்ள 20 நிமிடம் பகலுக்கும் போதாது. 30 நிமிடத்துக்கு 20 லீற்றர் தேவை. ஆகவே புறப்படும்போது குறைந்தது 126.7 லீற்றர் இருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மாணவர் கேட்கலாம்: “போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுத்தானே, இரண்டும் சரிக்குச் சரியாகாதா?” ஆகாது. பரீட்சையில் புள்ளிகள் பறிபோவதும் இங்கேதான். திரும்பி வரும்போது கதி மணிக்கு 250 கி.மீ., நேரம் 1 மணித்தியாலம் 36 நிமிடம். போய்வர மொத்தம் 4 மணித்தியாலம் 16 நிமிடம். காற்று இல்லாவிட்டால் 4 மணித்தியாலம் மட்டுமே. 150ஐயும் 250ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரிக் கதி 200 என எழுதினால் பிழை. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். விடை மணிக்கு 187.5 கி.மீ. எதிர்க்காற்றில் கூடிய நேரம் பறக்கிறோம் என்பதே காரணம். 200 என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி குறையும். விமானிக்கு 10 லீற்றருக்கு மேல் குறையும்.

“அப்படியானால் தாங்கியை எப்போதும் நிரப்பிவிட்டால் என்ன?” நியாயமான கேள்வி. விமானப் பெற்றோலின் அடர்த்தி லீற்றருக்குச் சுமார் 0.72 கிலோகிராம். 200 லீற்றரின் திணிவு 200 × 0.72 = 144 கிலோகிராம். இவ்வகை விமானம் ஆட்கள், பொதிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்துச் சுமக்கக்கூடியது ஏறக்குறைய 400 கிலோகிராம். மீதி 256 கிலோகிராம். தலா 75 கிலோகிராம் உள்ள நால்வர் ஏறினால் 300 கிலோகிராம். ஆசனம் நான்கு இருந்தும் நால்வர் ஏற முடியாது! ஆளைக் குறைப்பதா, எரிபொருளைக் குறைத்து வழியில் ஒருமுறை இறங்கி நிரப்புவதா என்று விமானி புறப்படுமுன்பே தீர்மானிக்கிறார்.

எரிபொருள் மானியை மாத்திரம் அவர் நம்புவதில்லை. தாங்கிகள் சிறகுகளுக்குள் இருப்பதால் விமானம் சரியும்போது எரிபொருள் அலைந்து மானியின் முள்ளும் ஆடும். எனவே புறப்படுமுன் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்ப்பார். தாங்கியின் அடியிலிருந்தும் சிறிது எடுத்துப் பார்ப்பார். நீர் கலந்திருந்தால், அதன் அடர்த்தி கூடியதால் அது அடியில் தங்கும். அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி முக்கியமான ஒரு வேறுபாடு. இயந்திரத்துக்கு எரிபொருள் இல்லாமற் போவது இரண்டு விதம். தாங்கிகள் எல்லாம் வெறுமையாவது ஒன்று. ஒரு தாங்கியில் எரிபொருள் இருந்தும் அது இயந்திரத்தைச் சென்றடையாமை மற்றது. பல சிறு விமானங்களில் இடது, வலது தாங்கிகளில் ஒன்றிலிருந்தே ஒரு நேரத்தில் எரிபொருள் வரும். விமானி வால்வைத் திருப்பி மாற்ற வேண்டும்.

1997 ஒக்டோபர் 12ஆந் திகதி அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், லோங் ஈஸி என்னும் சிறு விமானத்தில் தனியாகப் பறந்தபோது கலிபோர்னியாவின் மொன்ரே குடாக் கடலில் விழுந்து இறந்தார். அவ்விமானம் தனியார் ஒருவர் கையால் கட்டியது. தாங்கி மாற்றும் வால்வின் கைபிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். அதை எட்டுவது கடினம் என்பது புறப்படுமுன்பே பேசப்பட்டது. எரிபொருள் ஊற்றவா என்று கேட்டபோது, ஒரு மணித்தியாலமளவே பறக்கப்போவதால் வேண்டாம் என்றார் டென்வர். வால்வைத் திருப்ப உடலை முறுக்கியபோது அவரது கால் வலது சுக்கான் மிதியை அழுத்தியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. எரிபொருள் நிரப்பாமற் புறப்பட்டதும், எட்டாத இடத்தில் வால்வு இருந்ததும், அளவு காட்டும் கண்ணாடிகளில் அளவுக்குறிகள் இல்லாததும் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன.

பயிற்சி

1. ஒரு விமானம் மணித்தியாலத்துக்கு 36 லீற்றர் எரிக்கிறது. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 90 லீற்றர். காற்றில் கதி மணிக்கு 180 கி.மீ., எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ., தூரம் 300 கி.மீ. (அ) மீதி எரிபொருள் எத்தனை நிமிடத்துக்குப் போதும்? (ஆ) மேலே கூறிய சட்டப்படி பகலில் புறப்படலாமா? (இ) இரவில் புறப்பட இன்னும் எத்தனை லீற்றர் வேண்டும்?

2. தாங்கியில் எரிபொருள் இருந்தும் இயந்திரம் நிற்கக்கூடிய சந்தர்ப்பம் ஒன்றை இரண்டு வசனங்களில் விளக்குக.

விடை 1: (அ) 18 லீற்றர், 30 நிமிடம். (ஆ) புறப்படலாம்; ஆனால் காற்று சற்றுக் கூடினாலும் போதாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். (இ) 9 லீற்றர்.