மீட்டரில் அணையாத விளக்கு

பழைய காரின் மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளை நிறம் பார்த்து இரண்டாகப் பிரிக்கலாம். சிவப்பு, வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறது. இன்ஜின் ஆயில் அழுத்தம், பேட்டரி சார்ஜ், இன்ஜின் சூடு, பிரேக் ஆகியவை சிவப்பில் வரும். மஞ்சள், ஓட்டலாம் ஆனால் சீக்கிரம் பார் என்கிறது. செக் இன்ஜின், ஏ.பி.எஸ்., எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் ஆகியவை பெரும்பாலும் மஞ்சளில் வரும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் அதைச் சிவப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள்.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்குகள் ஒருமுறை எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே எரியாத விளக்கைப் பார்த்து மகிழக் கூடாது. பல்பு போயிருக்கலாம், வண்டியை விற்றவர் பிடுங்கியும் இருக்கலாம்.

செக் இன்ஜின் விளக்கை ஏற்றுவது ஈ.சி.யூ. என்ற கணினி. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே மாதிரியான ஓ.பி.டி. 2 என்ற சுயசோதனை முறை கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டுமே பொருந்தியது; அதோடுதான் ஓ.பி.டி.யும் வந்தது. தருமபுரி அந்தப் பட்டியலில் இல்லை. நாடு முழுவதும் பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே தருமபுரிக்கு உரிய டி.என். 29 என்ற எண்ணோடு ஓடும் 2009, 2010-ஆம் ஆண்டுக் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும்; ஆனால் ஆன்லைனில் வாங்கும் மலிவு ஸ்கேனருக்கு அது பதில் சொல்லும் என்று உறுதி கிடையாது. சில வண்டிகள் கம்பெனி ஸ்கேனருக்கு மட்டுமே வாய் திறக்கும்.

ஓ.பி.டி. 2 முறையில், பெரும்பாலான கோளாறுகளுக்கு ஈ.சி.யூ. உடனே விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே கோளாறைக் கண்டால்தான் ஏற்றும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு இல்லையென்றால் தானே அணைக்கும். அணைத்த பிறகும் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடு, பல நாட்கள் நினைவில் இருக்கும். கோளாறு பிடிபட்ட கணத்தில் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, வேகம் என்ன, எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை என்பதையும் குறித்துவைக்கும். சம்பவ இடத்தை யாரும் மிதிப்பதற்கு முன் எடுத்த போட்டோ என்று இதைச் சொல்லலாம். பட்டறைக்கு வண்டி போகும்போது அந்த போட்டோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த போட்டோவை அழிக்கும் எளிய வழிதான் இந்தத் தருமபுரி மாவட்டத்தில் எல்லோரும் தரும் முதல் ஆலோசனை. "டெர்மினலைக் கழட்டி மாட்டுங்க மாமா, போயிடும்." அணையாத விளக்கு விஷயத்தில் மிக அதிகமாகச் செலவு வைக்கும் தவறு இதுவே. இந்தக் குறிப்பை எழுதியவரின் கார் அதற்குச் சான்று.

அது 2009-இல் பதிவான பெட்ரோல் கார். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ளது. பாலக்கோட்டிலிருந்து சேலம் போய்விட்டு இரவில் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் செக் இன்ஜின் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்து எரிந்தன. மறுநாள் காலை மைத்துனர் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினார். விளக்கு அணைந்தது, மூன்று நாள் பாராட்டு கிடைத்தது. நான்காம் நாள் மறுபடி தொப்பூர், மறுபடி விளக்கு, மறுபடி டெர்மினல். மூன்று மாதத்தில் ஐந்து முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் ஈ.சி.யூ. எழுதிவைத்த குறிப்பு துடைத்தெறியப்பட்டது. விளக்கு அணைந்ததும் கோளாறு போனதாகத் தோன்றியதற்குக் காரணம், ஈ.சி.யூ. தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததே.

கடைசியில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டபோது, முந்தைய நாள்தான் டெர்மினல் கழற்றப்பட்டிருந்ததால், ஒரே ஒரு கோடு மிஞ்சியிருந்தது: பி 0135. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். 4,200 ரூபாய். விளக்கு திரும்பியது. வயரிங் சுத்தம் செய்ய 1,500. அதன் பிறகும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்ததால், பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் கன்ட்ரோல் யூனிட் 18,500. எலக்ட்ரிக்கல் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பில்லிலேயே அச்சிட்டிருந்தது. மொத்தம் 24,200 ரூபாய் போன பிறகும் தொப்பூரில் விளக்கு எரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது கோடு பயன்படுத்தும் சொல். பி 0135 குறிப்பிடுவது மின்சுற்றை. சென்சார் அந்தச் சுற்றின் ஒரு முனை மட்டுமே. பியூஸ், ரிலே, கனெக்டர், வயர், எர்த் எல்லாம் அதே சுற்றில் இருக்கின்றன. கோட்டைப் படித்தவுடன் பொருளின் விலையைச் சொல்பவர் சோதனையைத் தொடங்கவே இல்லை. அளந்து காட்டாமல் எந்த சென்சாரையும் மாற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் சேர்ந்து எரிவது. இன்ஜினும் ஸ்டீயரிங்கும் ஒரே நாளில் தனித்தனியாகக் கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவானது பேட்டரி மின்சாரம். எனவே பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் என்ற வரிசையில் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காரில் டெர்மினலைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டியபோது இரண்டாவது கோடு தானாக வெளிவந்தது: பி 0562, மின்னழுத்தம் குறைவு. முதல் வாரத்திலேயே அது நினைவில் இருந்திருக்க வேண்டும். ஐந்து முறை அழிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியின் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எழுதியவரின் காரிலும் இந்த இரண்டு அளவும் சரியாகவே இருந்தன. அதனால்தான் மின்சாரக் கோளாறு இல்லை என்று இரண்டு பட்டறைகள் சொல்லிவிட்டன.

அடுத்தது எர்த் சோதனை. இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டையும் ஏ.சி. புளோவரையும் முழுதாகப் போட வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே வைக்க வேண்டும்; கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்ப்பின் கோளாறு தெரியாது. சிவப்பு முனையைப் பாடியின் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைக்க வேண்டும். அளவு 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. அந்தக் காரில் 1.4 காட்டியது. ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் 3 வோல்ட்டைத் தாண்டியது. பிறகு குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து வயர், வயரிலிருந்து போல்ட் என்று முனையை ஒவ்வொன்றாக நகர்த்தினால் எந்த இடத்தில் அளவு தாவுகிறதோ அங்கேதான் நோய். கிளாம்ப்பிலிருந்து பாடிக்குப் போகும் சின்ன எர்த் வயரில் தாவியது. வெளியே உறை பளபளப்பாக இருந்தது. உள்ளே கம்பிகள் பச்சை பூத்து முக்கால்வாசி அறுந்திருந்தன. ஒவ்வொரு முறை டெர்மினலைக் கழற்றும்போதும் அந்த வயரும் மடங்கியது. மிச்சமிருந்த கம்பிகளையும் அறுத்தது அந்த வைத்தியமே.

இரவில், மெதுவான ஏற்றத்தில், வளைவில் மட்டும் விளக்கு எரிந்ததன் காரணமும் இதிலிருந்து விளங்கும். ஹெட்லைட்டும் புளோவரும் ஏற்கெனவே மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். மெதுவாகப் போகையில் ஸ்டீயரிங் மோட்டார் அதிகம் இழுக்கும். பகலில் பட்டறைத் தெருவில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது எரியாததில் வியப்பில்லை.  எனவே விளக்கு எரிந்த இடம், நேரம், அப்போது போட்டிருந்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைப் பிடுங்கி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். ஈ.சி.யூ. உள்ள வண்டியில் அப்போது எழும் உயர் மின்னழுத்தம் கணினியையே கொன்றுவிடலாம். அப்படிச் செய்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற விளக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயில் விளக்கு காட்டுவது அழுத்தத்தை. எரிந்தால் இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். பிரேக் விளக்கு ஹேண்ட் பிரேக்குக்கும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். பேடு தேய்ந்தாலும் ஆயில் மட்டம் இறங்கும் என்பதால் ஊற்றி நிரப்பிவிட்டு மறக்கக் கூடாது. ஏ.பி.எஸ். விளக்குக்குப் பெரும்பாலும் சக்கர சென்சாரில் படிந்த அழுக்கு காரணம். ஏர்பேக் வயரில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. சூடு விளக்கு எரிந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் ஆறவிட வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று மனிதர்களுக்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட மாவட்டத்தில், உப்பு கனத்த போர்த் தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் ஊற்றுவது நியாயமில்லை. கூலன்ட்டே ஊற்ற வேண்டும். புளியமரத்தடியில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயரையும் தேட வேண்டும்.

15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு கிடைக்கும். அதற்கான எப்.சி. என்ற தகுதிச் சோதனைக்கு முன் எச்சரிக்கை விளக்கின் பல்பைப் பிடுங்கிவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அடுத்த கோளாறு வரும்போது அதைச் சொல்ல மீட்டரில் எதுவும் இருக்காது. எழுதியவரின் காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடச் சொன்னவர்களும் உண்டு.

அந்தக் காரில் மாற்றிய எர்த் வயரின் நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு, விலை 350 ரூபாய். 2024-இல் பதிவு புதுப்பிக்கப்பட்டது. தொப்பூரில் பிறகு விளக்கு எரியவில்லை. கெட்டுவிட்டதாகக் கழற்றிய ஆக்சிஜன் சென்சார், எந்தக் கெடுதலும் இல்லாமல் டிக்கியில் கிடக்கிறது.