தற்குறியாக ஒரு கோடரி



17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கடல் கடந்து, இன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அடங்கும் செயின்ட் லாரன்சு ஆற்றங்கரையில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களால், தம் மூதாதை யார், அவர் செய்த தொழில் என்ன என்பவற்றைப் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே நிறுவ முடிகிறது. 'புதிய பிரான்சு' எனப்பட்ட அக்குடியேற்றத்தின் பங்குக் கோயில் பதிவேடுகளும் நோட்டரிகள் எழுதிய பத்திரங்களும் பெருமளவில் அழியாமல் இருப்பதே அதற்குக் காரணம். ஆயினும் மூதாதையின் பெயரைக் கண்டறிவதும் அவர் தொழிலைக் கண்டறிவதும் வெவ்வேறு வேலைகள். முன்னதற்குப் பதிவேடும் பின்னதற்குப் பத்திரமும் உரிய சான்றுகளாகும்.

தேடல் எப்போதும் அண்மைத் தலைமுறையில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அதற்குத் திருமணப் பதிவே ஏணியாக அமைகிறது. மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும், வெளியூரார் எனில் பிறந்த பங்கும் பொதுவாக அதில் குறிக்கப்பட்டன என்பதோடு, பெண்கள் மணத்திற்குப் பின்னரும் தந்தைவழிக் குடும்பப் பெயராலேயே ஆவணங்களில் வழங்கப்பட்டதால் தாய்வழியையும் தொடர முடிகிறது. குடும்பப் பெயரோடு 'தீ' (dit) என்னும் பிரெஞ்சுச் சொல்லால் இணைக்கப்படும் பட்டப்பெயர்தான் இங்கே இடர் விளைவிப்பது. படைவீரர்களிடையே மிகுதியாக வழங்கிய இப்பெயரைச் சில பிள்ளைகள் ஏற்றும் சிலர் விடுத்தும் எழுதியமையால், ஒரே குடும்பம் இரு குடும்பங்களாகத் தோற்றமளிப்பதுண்டு.

தொழிலைப் பொறுத்தவரை பலரும் முதலில் நாடுவது, அரசு நிருவாகியான ழான் தலோன் 1666இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஆகும். படைவீரர்களைச் சேர்க்காமல் 3,215 குடியேறிகளைப் பதிந்த அக்கணக்கு, பெயர், வயது, மணநிலை ஆகியவற்றுடன் தொழிலையும் குறித்தது. எனினும் நிலம் பெற்று உழுதவர் தாம் கற்ற கைத்தொழிலைக் கைவிடாதபோதும் 'குடியானவர்' என்று மட்டும் பதியப்பட்டிருக்கலாம். ஆகவே அதிலுள்ள ஒரு சொல்லை வாழ்நாள் தொழிலாகக் கொள்வது பிழையாகும்.

பணமும் கடமையும் எழுத்தில் பிணைக்கப்பட்ட இடத்தில்தான் தொழில் தெளிவாகத் தெரியும். 1634 மார்ச் 14 அன்று, வடமேற்குப் பிரான்சின் பெர்ஷ் பகுதியிலுள்ள மோர்த்தாஞ் நகரத்தில், தச்சர் சக்கரி குளூத்தியேவும் கொத்தனார் ழான் கியோனும், கியூபெக் நகருக்கு அருகே போபோர் என்னும் நிலமானியத்தைப் பெற்றிருந்த ரொபேர் ஜிஃபாருக்கு மூன்றாண்டுகள் உழைப்பதாகவும், ஈடாக அங்கே நிலம் பெறுவதாகவும் நோட்டரி முன்னிலையில் உடன்பட்டனர். எழுதப்படிக்க அறியாத குளூத்தியே, கையொப்பத்திற்கு மாற்றாகக் கோடரி ஒன்றின் உருவத்தைத் தற்குறியாக இடுவது வழக்கம். பெயரை எழுத அறியாதவரின் தொழிலை அவருடைய குறியே இவ்வாறு அறிவிக்கிறது. எழுத்தறிந்த கியோனோ, 1636இல் குளூத்தியேவின் மகள் ஆனுக்கும் ரொபேர் துருவேனுக்கும் நிகழ்ந்த திருமண ஒப்பந்தத்தை எழுதியவர். கொத்தனார் என்ற ஒரு சொல் ஒருவரின் முழுத் திறனையும் காட்டாது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வகைப் பணி ஒப்பந்தத்தால் வந்தவர்கள் 'ஆங்கழே' எனப்பட்டனர். பயணச் செலவையும் கூலியையும் முதலாளி ஏற்க, பெரும்பாலோர் 36 மாதங்கள் பணிசெய்தனர். லா ரோஷெல் போன்ற துறைமுகங்களின் நோட்டரிகள் எழுதிய இத்தகைய பத்திரங்கள் பிரான்சின் மாவட்ட ஆவணக்காப்பகங்களில் உள்ளன. குடியேற்றத்தில் எழுதப்பட்டவற்றுள் தொழிற்பயிற்சி உடன்படிக்கையும், ஒருவர் இறந்தபின் அவர் உடைமைகளை மதிப்பிட்டு எழுதிய பட்டியலும் முதன்மையானவை. பட்டறைக் கருவிகள் ஒவ்வொன்றாக விலையுடன் இடம்பெறும் அப்பட்டியல், கணக்கெடுப்பு கூறாமல் விட்ட தொழிலைக் காட்டிக்கொடுக்கும்.

சான்றில்லாத இடத்தில் ஊகத்தைச் சான்றாக்கலாகாது. 1640இல் கியூபெக் நகரத் தேவாலயம் தீக்கிரையானபோது எரிந்துபோன பதிவேடுகள் பின்னர் நினைவிலிருந்தே மீண்டும் எழுதப்பட்டன; அவற்றிலுள்ள தொடக்ககாலத் தேதிகளை வேறோர் ஆவணத்துடன் ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும். மொன்றியால் பல்கலைக்கழக மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம், 1800க்குள் குளூத்தியேவுக்கு 10,850 வழித்தோன்றல்கள் இருந்ததாகக் கணக்கிட்டுள்ளது. இத்துணைப் பெரிய குலமரத்தில் ஒரு கண்ணி பிழையானால், அதன் மேலுள்ள தலைமுறைகள் அனைத்தும் பிறருடைய முன்னோர்களாகிவிடும்.

ஆகவே தம்பி, எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும், அதை எழுதியவர் யார், எதன்பொருட்டு எழுதினார் என்ற இரு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள். ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணங்களேனும் ஒத்துக்கூறும்வரை, மூதாதையின் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தொழிலையும் எழுதாதே.